அம்மா பெயரில் நான் போட்ட சாப்பாடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். நூல் பில்லில் ஐந்து ரூபாய் இடித்தாலும் திருப்பி அனுப்புகிற ஆள். பெட்ரோல் வவுச்சரில் தேதி இல்லையென்றால் முதலாளியின் மகனையே நிற்க வைத்துத் தேதி போட வைப்பேன். அப்படிப்பட்டவன் இரண்டு வருடத்தில் 1,46,500 ரூபாயை, ஒரு ரசீதைக்கூட உருப்படியாகப் படிக்காமல், இல்லாத பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அனுப்பினேன். கூடவே இன்னும் 23 பேரிடம் வாங்கி 41,000. இதை வீட்டில் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் இதே மாதிரி ஏமாந்த யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ராத்திரியில் தேடுவேன். கிடைத்ததெல்லாம் "போலி அறக்கட்டளை, மக்களே உஷார்" என்று இரண்டு வரிதான். எப்படி உள்ளே இழுத்தார்கள், எந்த இடத்தில் சுதாரித்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய குழந்தைகள் இல்லத்தின் பெயரைப் போடவில்லை. போலீஸில் மனு இருக்கிறது, அது அதன் வழியில் போகட்டும்.

அம்மா 2021 மே மாதம் போனார். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். சுற்றிக் கட்டிய உடம்பைத் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. ஊரைக் கூட்டிச் சோறு போட்டே பழகிய மனுஷிக்கு, காரியத்தன்று வீட்டில் ஆறு பேர்தான் இலை முன்னால் உட்கார்ந்தோம். அந்தக் குறை உள்ளேயே கிடந்தது. அடுத்த வருடம் முதலாமாண்டு நினைவஞ்சலி என்று நாளிதழில் அம்மாவின் படத்தோடு சின்ன விளம்பரம் கொடுத்தேன். பெயர், ஊர், பிள்ளைகள் பெயர், கீழே என் செல் நம்பர். அது வந்த மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"சார், வணக்கமுங்க. பிள்ளைங்க இல்லத்துல இருந்து பேசறேன். 36 பிள்ளைங்க இருக்காங்க. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு தர்றேன்னவங்க கடைசி நேரத்துல வரலைன்னுட்டாங்க" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். கெஞ்சவும் இல்லை, விரட்டவும் இல்லை. "வீட்ல பெரியவங்க யாராச்சும் தவறியிருந்தா அவங்க பேர்லயே போட்டுடலாங்க சார்." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை பேர் இருக்க என்னிடம் வந்து இதைக் கேட்கிறதே, அம்மாதான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

முதல் தடவை 1,500 ரூபாய். கூகுள் பேயில் நம்பரைப் போட்டதும் திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். கேட்டேன். "டிரஸ்ட் அக்கவுண்ட்டுக்கு கேஒய்சி போயிட்டிருக்குங்க சார், இது நிறுவனர் நம்பர்" என்றாள். கம்பெனியில் ஒரு சப்ளையர் இப்படிச் சொல்லியிருந்தால் செக்கையே நிறுத்தியிருப்பேன். பிள்ளைகள் சாப்பாடு என்றதும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. நீங்கள் நிற்க வேண்டிய முதல் இடம் இதுதான். அறக்கட்டளைக்குக் கொடுக்கிற காசு அறக்கட்டளையின் பெயரில் இருக்கிற வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். நிறுவனர், அவர் மனைவி, மேனேஜர் என்று யார் பெயர் வந்தாலும் அனுப்பாதீர்கள். பெயர் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2020-இல் பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்த சில நாட்களுக்குள்ளேயே, நிஜ யுபிஐ முகவரியில் ஒரே ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் போலி முகவரி உருவாக்கி வசூல் பண்ணியிருக்கிறார்கள். பிரதமர் பெயரில் இருக்கும் நிதிக்கே அந்தக் கதி.

மறுநாள் வாட்ஸப்பில் படம் வந்தது. வரிசையாகப் பிள்ளைகள், முன்னால் சோறு, சாம்பார், ஓர் அப்பளம். முன்வரிசைப் பையன் கையில் ஒரு தாள், அதில் அம்மாவின் பெயர். அலுவலகத்துக் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்தப் படத்தைத்தான் ஸ்டேட்டஸாக வைத்தேன். சித்தப்பா, பெரியம்மா பையன், பழைய ஸ்கூல் சிநேகிதர்கள் எல்லாரும் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். "அம்மாவோட கை உனக்கும் இருக்குதப்பா" என்று ஒரு அத்தை எழுதியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டது பிடித்ததா, அத்தை எழுதினது பிடித்ததா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன்.

அப்புறம் விலைப்பட்டியல் வந்தது. காலை டிபன் 2,500. மதியச் சாப்பாடு 4,500. வடை பாயசத்தோடு 6,000. கோழிக் குழம்பு என்றால் 8,500. ஃபிளெக்ஸ் அடித்துப் படம் வேண்டுமென்றால் 300 கூட. பிள்ளைகள் சேர்ந்து நம்முடைய பெயரைச் சொல்லி நன்றி சொல்லும் வீடியோவுக்கு 500. ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்பு 18,000. கல்யாண மண்டபத்து சமையல்காரர்கூட இவ்வளவு சுத்தமாகப் பட்டியல் போடமாட்டார். இப்போது நினைத்தால் அந்தப் பட்டியலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அதில் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதுதான் வரிக்கு வரி இருந்தது. நானும் வாடிக்கையாளர் மாதிரிதான் நடந்துகொண்டேன். ஒரு தடவை ஃபிளெக்ஸில் அம்மாவின் இனிஷியல் தப்பாக வந்துவிட்டது என்று சண்டை பிடித்து, அரைமணி நேரத்தில் திருத்திய படம் வாங்கினேன். சாப்பிட்டு முடித்து எழுந்துபோன பிள்ளைகள் அரைமணி நேரத்தில் எப்படி அதே சட்டையோடு, அதே சோற்றோடு, திருத்திய ஃபிளெக்ஸின் கீழே உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வரி விஷயத்துக்கு வருகிறேன், அதில் என் பேராசையும் இருக்கிறது. "80ஜி இருக்குங்க சார், 50 சதவீதம் வரி மிச்சம்" என்பது அவர்களின் பாட்டு. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற சட்டப்பிரிவுதான் 80ஜி. கணக்குப் பார்க்கிறவனுக்குத் தெரியும், அது அரை உண்மை. கொடுத்த தொகையில் பாதியை வருமானத்தில் கழிப்பார்கள், வரியில் அல்ல. 20 சதவீத அடுக்கில் இருக்கிற நான் பத்தாயிரம் கொடுத்தால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம்தான். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே இல்லை. வருமானத்தில் பத்து சதவீதம் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்பை மட்டும் நான் வெகு கச்சிதமாகக் கணக்குப் போட்டேன். என் கணக்கில் அது 78,000-க்குப் பக்கம் வந்தது, அந்த நிதியாண்டில் 75,000 கொடுத்து நிறுத்திக்கொண்டேன். 37,500 கழிவு, 7,800 ரூபாய் வரி மிச்சம். கணக்கு பைசா சுத்தம். ரசீதில் இருந்த பான் நம்பரை என் கையாலேயே ரிட்டர்னில் அடித்தேன். பான் நம்பரின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லிவிடும். டிரஸ்ட் என்றால் ஆங்கில டி, கம்பெனி என்றால் சி, சங்கம் என்றால் பெரும்பாலும் ஏ, தனி ஆள் என்றால் பி. ஆபீஸில் புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அந்த ரசீதில் நான்காவது எழுத்து பி.

ஒரு தடவை நேரில் போனேன். "ரெண்டு நாள் முன்னாடி சொல்லிட்டு வாங்க சார், பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும்" என்றார்கள். கோவைப் புறநகரில் மாடி வீடு, வாசலில் போர்டு. உள்ளே பாய் விரித்து இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஒரு பாட்டுப் பாடினார்கள். நிறுவனர் என்று ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து, பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கழிவறை போதவில்லை என்று சொல்லும்போது குரல் கம்மியது. அங்கேயே 25,000 அனுப்பினேன். வீட்டில் முப்பது பிள்ளைகள் தூங்குவதற்கான பாய் அடுக்கு இருந்ததா, கொடியில் துணி காய்ந்ததா, சமையலறையில் பெரிய பாத்திரம் இருந்ததா? ஒன்றையும் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒரு சின்னப் பெண், "அங்கிள், நான் வீட்டுக்குப் போலாமா?" என்று வேட்டிக்காரரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினார். பாவம், வீட்டை நினைத்து ஏங்குகிறது என்று பஸ்ஸில் வரும்போது வருத்தப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களை இழுத்தேன். என் பணம் போனதைவிட எனக்கு வலிப்பது இதுதான். சனிக்கிழமை சம்பளம் போடும்போது, ஸ்டேட்டஸில் படம் பார்த்தவர்கள் தாங்களாகவே வந்து, "எங்க வீட்டுக்காரரு நெனவு நாள் வருதுங்க, நானும் ஐநூறு தர்றேன், அனுப்பி விடுங்க சார்" என்பார்கள். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா ஓவர்டைம் காசிலிருந்து கொடுத்தார். நான் வாங்கி, நோட்டில் எழுதி, என் நம்பரிலிருந்து அனுப்பினேன். நான் வாங்கினதால்தான் அவர்கள் கொடுத்தார்கள். கணக்குப்பிள்ளை வாங்குகிறார் என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த மாதிரி ஆட்களுக்கு டெலிகாலர் வைத்துப் பிடிக்கிற நூறு பேரைவிட, என்னைப் போல நாலு பேர் நம்புகிற ஆள் ஒருவர் கிடைத்தால் போதும், சம்பளமில்லாத ஏஜெண்டு. அதனால் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார் என்பதை ஒரு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். என்னை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

2024 பிப்ரவரியில் வருமான வரித்துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் கழித்த நன்கொடை அவர்களிடம் இருக்கும் தகவலோடு பொருந்தவில்லை, சரிபார்க்கவும் என்று. இதன் பின்னணி நிறையப் பேருக்குத் தெரியாது. 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி அனுமதி பெற்ற அறக்கட்டளைகள் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி என்ற படிவத்தில் வருடா வருடம் மே 31-க்குள் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நமக்கு 10பிஇ என்ற சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கையால் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு கழிவு கேட்கக் கூடாது. எனக்கு 10பிஇ வரவே இல்லை. பரவாயில்லை, சின்ன டிரஸ்ட்தானே, லேட்டாக வரும் என்று ரிட்டர்ன் போட்டிருந்தேன். இப்போது கேட்டால் முதலில் "ஆடிட்டர் ஊருக்குப் போயிருக்காருங்க", அடுத்த வாரம் "சைட் வேலை செய்யலைங்க", மூன்றாவது வாரம் போன் எடுக்கவில்லை. வரித்துறை தளத்தில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். தேடினேன். அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. எனக்கு அனுப்பியிருந்த 80ஜி சான்றிதழில் இருந்த எண்ணைப் போட்டால், எங்கேயோ வட மாவட்டத்தில் இருக்கும் வேறொரு நிறுவனம் வந்தது. யாருடைய சான்றிதழையோ எடுத்துப் பெயரை மாற்றி ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள். புதுப்பித்த ரிட்டர்ன் (அப்டேட்டட் ரிட்டர்ன்) போட்டு, வரி, வட்டி, 25 சதவீதக் கூடுதல் வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பத்தாயிரம் கட்டினேன். இரண்டாவது வருடத்து 71,500-க்கு நான் கழிவே கேட்கவில்லை.

"பதிவு பெற்ற டிரஸ்ட்" என்ற சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. டிரஸ்ட் பதிவு என்பது பத்திர ஆபீஸில் ஒரு அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்வது. நாலு பேர் சேர்ந்து போய்ப் பண்ணிவிடலாம். அந்த நம்பர் இருந்தால் பத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தைகளை வைத்துப் பார்க்கிற இல்லம் என்றால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லாமல் நடத்துவது குற்றம். கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒரு லீவு போட்டுப் போய்க் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அப்படி ஓர் இல்லமே பதிவில் இல்லை. நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ஓர் அம்மா, "ஒழுங்கா நடத்தற இல்லத்துல பிள்ளைங்க முகம் தெரியற மாதிரி போட்டோவை இப்படி ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க சார்" என்றார். அந்தப் பிள்ளைகளின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறதாம். என்னை அழ வைத்த படமே ஒரு எச்சரிக்கைப் பலகையாக இருந்திருக்கிறது.

அங்கிருந்து நேராக அந்த மாடி வீட்டுக்குப் போனேன். போர்டு இல்லை. வேறு குடும்பம் குடிவந்திருந்தது. பக்கத்து மளிகைக்கடைக்காரர்தான் சொன்னார். அங்கே சாயங்காலம் இலவச டியூஷன் நடந்ததாம். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வருவார்கள், மாதம் ஒரு தடவை சோறும் பிஸ்கட்டும் கொடுத்து ஃபோட்டோ எடுப்பார்களாம். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே வீடு இருந்தது. இரண்டு தெரு தள்ளி. அதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கோபத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி. 2021-இல் மதுரையில் ஓர் இல்லத்திலிருந்த குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்ட வழக்கு வந்ததே, 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் பதிவில்லாத ஆசிரமத்திலிருந்து மனநலம் குன்றியவர்கள் காணாமல் போய் சிபிசிஐடி வரை போனதே, அதெல்லாம் பஸ்ஸில் வரும்போது மனசில் ஓடிக்கொண்டேயிருந்தது. எனக்குப் போனது காசு மட்டும். நிஜமாகவே பிள்ளைகளை அடைத்துவைத்து நடத்துகிற ஆட்களுக்கு மாதாமாதம் நானே தீனி போட்டிருந்தால்?

என் மச்சினன் மகள் காலேஜில் படிக்கிறாள். வேறு ஏதோ கேட்கிற மாதிரி அவளிடம் சில படங்களைக் கொடுத்தேன். அவர்கள் கடைசியாக அனுப்பியிருந்த, இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைக்கு ஆறு லட்சம் வேண்டும் என்ற போஸ்டரும் அதில் ஒன்று. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது மூணு வருஷத்துக்கு முன்னாடி வேற ஸ்டேட்ல வேற பேர்ல வந்திருக்கு" என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவ உதவி போஸ்டர் எது வந்தாலும் இப்போது நான் கேட்பது மூன்று விஷயம். எந்த ஆஸ்பத்திரி, உள்நோயாளி எண் என்ன, முதலமைச்சர் காப்பீட்டில் விண்ணப்பித்தார்களா. வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. நிஜமாகக் கஷ்டப்படுகிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், எல்லாத் தாளையும் எடுத்துக் காட்டுவார். காட்டினால் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டருக்கே நோயாளி எண்ணைப் போட்டுக் கட்டிவிடுகிறேன்.

போலீஸ் கதை சுருக்கமாக. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்தேன், இணையத்திலும் புகார் பதிந்தேன். பணம் போய் சில மணி நேரத்துக்குள் என்றால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம், உங்களுக்கு இப்போதே சந்தேகம் இருந்தால் இதைப் படித்து முடிக்காமல் முதலில் அந்த நம்பரை அழுத்துங்கள். எனக்கோ இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஸ்டேஷனில் எழுத்தர், "நீங்களா விரும்பிக் கொடுத்ததுதானே சார்?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. தானம் கொடுத்தவனுக்கு என்ன நஷ்டம் என்று யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. போலி 80ஜி சான்றிதழைக் காட்டின பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போட்டுக் கொடுத்தார்கள். இன்றுவரை அதோடு நிற்கிறது. போகிறவர்கள் வாட்ஸப் உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் நாள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றேன், அன்று ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் குரல்காரப் பெண்ணிடமிருந்து ஒருநாள் போன் வந்தது. வேறு நம்பர். என் மெசேஜ்களைப் பழைய போனில் பார்த்தாளாம். "சார், நான் வேலைய விட்டுட்டேனுங்க, மூணு மாசச் சம்பளம் தரலை" என்றாள். ஒரு ஹாலில் பதினான்கு பெண்கள், ஒன்பதாயிரம் சம்பளம், வசூலுக்கு ஏற்ப இன்சென்டிவ். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். கெஞ்சக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டாம். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். "காலைல பேப்பர்ல வர்ற கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தையெல்லாம் வெட்டி நோட்டுல ஒட்டி வெச்சிருப்போமுங்க சார். புதுசா தவறினவங்க வீட்டுக்குப் பண்ண மாட்டோம். ஒரு வருஷம் ஆனவங்களுக்குத்தான்." ஏன் என்று கேட்டேன். "அப்பதான் அழுகை அடங்கி, ஏதாச்சும் செய்யணும்னு இருப்பாங்களாம்." எவ்வளவு துல்லியமாக ஆளைப் படித்திருக்கிறார்கள் பாருங்கள். அம்மா அனுப்பிவைத்த போன் என்று நான் நினைத்தது, கத்தரிக்கோலும் பசையும் வைத்து நோட்டில் ஒட்டி, ஒரு வருடம் கணக்குப் பண்ணி வந்த போன். நினைவஞ்சலி விளம்பரம் கொடுத்தால் தயவுசெய்து செல் நம்பர் போடாதீர்கள்.

என் மனைவியிடம் சொன்ன ராத்திரி அவள் ஒன்றும் பேசவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது, "ஏனுங்க, அந்த 23 பேர்த்து காசைத் திருப்பிக் கொடுத்துருங்க மொதல்ல" என்றாள். அவளுடைய சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கொடுத்தேன். என் காசு, அவர்கள் காசு, வரி எல்லாம் கூட்டினால் இரண்டு லட்சத்துக்கு இரண்டாயிரத்து ஐநூறு குறைவு. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். சிலர் திட்டினார்கள், அதை வாங்கிக்கொண்டேன். ஒருத்தர், "எல்லாத்துலயும் நீங்க ஒரு பங்கு எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். செக்கிங் அக்கா மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "நானு எங்க ஊட்டுக்காரருக்குன்னு போட்டதுங்க. போட்டதைத் திருப்பி வாங்கினா அவருக்குப் போட்டதே இல்லைன்னு ஆயிராது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த 1,500 ரூபாய் இன்னும் என் மேசை டிராயரில் கவரில் இருக்கிறது.

இப்போது கொடுப்பதை நிறுத்தவில்லை, விதத்தை மாற்றிக்கொண்டேன். கையில் நேரம் இருந்தால் காசாகக் கொடுப்பதில்லை. ஒரு பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் கல்லூரி ஆபீஸில் நானே கட்டி ரசீது வாங்குகிறேன். இல்லத்துக்கு என்றால் கலெக்டர் ஆபீஸில் கேட்டுவிட்டு, அவர்களுக்கு இந்த மாதம் என்ன தட்டுப்பாடு என்று விசாரித்து அதை வாங்கிக் கொடுக்கிறேன். போன தடவை கேட்டபோது, சாப்பாடு வேண்டாம் சார், நினைவு நாளுக்கும் பிறந்தநாளுக்கும் சாப்பாடு குவிகிறது, குளிக்கிற சோப்பும் நாப்கினும்தான் எப்போதும் பற்றாக்குறை என்றார்கள். சோப்புக்கு முன்னால் நின்று யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? நானும் எடுக்கவில்லை. கை கொஞ்சம் துறுதுறுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. வேறு இல்லம், வேறு பெண், அதே நிதானமான குரல். "சார், அம்மாவோட திதி வருதில்லைங்களா, 40 பிள்ளைங்க இருக்காங்க..." நோட்டு கை மாறியிருக்கிறது போல. 10பிஇ தருவீர்களா, பதிவு எண் என்ன என்று கேட்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது. "ஏம்மா, உனக்குச் சம்பளம் ஒழுங்கா தர்றாங்களா?" என்றேன். அந்தப் பக்கம் பின்னணியில் வேறு பெண்கள் யார் யாரிடமோ வணக்கம் சார், வணக்கம் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "வெக்கிறேனுங்க சார்" என்று கட் பண்ணிவிட்டாள்.